டீசல் என்ஜினின் டேம்பரைக் கழற்றிப் பூட்டும் முறை

திருவள்ளூர் ஜில்லாவில் நெல் அறுவடை இப்பொழுது பெரும்பாலும் யந்திரங்களால் நடைபெறுகிறது. பூந்தமல்லி, திருமழிசை, திருநின்றவூர், வெள்ளவேடு முதலிய இடங்களைச் சுற்றி இன்னும் மிஞ்சியிருக்கும் நன்செய் நிலங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று போகங்கள் உண்டு. ஒரு போகம் முடிந்து அடுத்த போகத்திற்கு நாற்று விடுவதற்குள் கிடைக்கும் அவகாசம் சொற்பமே. அக்காலத்தில் அறுவடை யந்திரம் ஒன்று வயலில் நின்றுவிடுமானால், அதனால் வரும் நஷ்டம் யந்திரத்தின் சொந்தக்காரரை மட்டும் சேர்ந்ததன்று. நாளொன்றுக்கு எட்டு ஏக்கர் அறுக்கும் யந்திரம் ஐந்து நாள் நின்றால் நாற்பது ஏக்கர் விளைச்சல் வயலிலேயே நிற்கும். இடையில் ஒரு மழை பெய்தால் கதிர் சாய்ந்து, நெல் முளைத்து, ஈரம் ஏறிவிடும். நேரடிக் கொள்முதல் நிலையங்களில் பொதுவாக 17 சதவீதத்திற்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல்லை ஏற்பதில்லை என்பதைக் குடியானவர் யாவரும் அறிவர்.

யந்திரங்கள் இவ்வாறு நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் மிகவும் செலவு வைப்பது கிராங்க் ஷாப்ட் முறிதல். கிராங்க் ஷாப்ட் முறிந்தால் என்ஜின் முழுவதையும் பிரித்தாக வேண்டும். ஆனால் அது முறிவதற்கு முன் பெரும்பாலும் அதன் முன்முனையில் பூட்டப்பட்டுள்ள ஒரு சிறு உறுப்பு பழுதுற்றிருக்கும். அவ்வுறுப்பே டேம்பர் எனப்படுவது. பட்டறைக்காரர்கள் இதனை டேம்பர் புல்லி என்றும், வெறுமனே கிராங்க் புல்லி என்றும் சொல்வர். இதனை உரிய காலத்தில் கண்டு மாற்றுவது எளிது. தகாத கருவிகளைக் கொண்டு கழற்றினாலோ, புதிய டேம்பரும் கெட்டு, கிராங்க் ஷாப்டும் கெடும். ஆகையால் இதன் அமைப்பும், இதனைக் கழற்றிப் பூட்டும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

டேம்பர் செய்யும் வேலை

கிராங்க் ஷாப்ட் கனத்த எஃகினால் ஆனது. ஆயினும் அது முறுக்குக்கு முற்றிலும் இடங்கொடாத பொருளன்று. சிலிண்டரில் டீசல் எரியும் ஒவ்வொரு தடவையும் பிஸ்டன் கிராங்கை ஓங்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலால் ஷாப்ட் மயிரிழையளவு முறுக்கிக்கொண்டு, உடனே வில்போல் திரும்புகிறது. ஆறு சிலிண்டர் என்ஜினில் ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டர்கள் வெடிக்கின்றன. நிமிஷத்திற்கு 2000 சுற்று ஓடும்பொழுது நிமிஷத்திற்கு 6000 வெடிப்புகள், அதாவது விநாடிக்கு 100 வெடிப்புகள் உண்டாகின்றன. ஒவ்வொரு வெடிப்பும் ஷாப்டை முறுக்கி விடுகிறது.

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறவர், ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்து விரலால் தள்ளினாலே போதும். சிறிது நேரத்தில் ஊஞ்சல் விட்டத்தை முட்டும். சமயம் தவறித் தள்ளினால் எவ்வளவு பலம் காட்டினாலும் ஆட்டம் பெருகாது. ஷாப்டுக்கும் இவ்வாறே தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. வெடிப்புகளின் வேகம் அதனோடு பொருந்திவிடும்பொழுது முறுக்கல் தடவைக்குத் தடவை பெருகும். இது வெளியே கண்ணுக்குத் தெரிவதில்லை. என்ஜின் தன் பீடத்தின்மேல் குலுங்குவது வேறு, ஷாப்ட் தனக்குள் முறுக்கி விடுபடுவது வேறு. பின்னதே ஷாப்டை நாளடைவில் களைக்கச் செய்து முறிப்பது.

இந்த ஆட்டத்தை அடக்குவதே டேம்பரின் வேலை. கட்டைவண்டிச் சக்கரத்தில் நடுவில் குடமும் வெளியில் வட்டையும் இருப்பதுபோல, டேம்பரிலும் குடம் ஒன்றும், கனத்த இரும்பு வட்டை ஒன்றும் உண்டு. குடம் ஷாப்டின் முனையில் இறுகப் பிடித்திருக்கும். ஆரக்கால்களுக்குப் பதிலாகக் குடத்திற்கும் வட்டைக்கும் நடுவில் ரப்பர் பதிக்கப்பட்டிருக்கும். ஷாப்ட் முறுக்கி விடுபடும்பொழுது குடமும் அதனுடன் முன்னும் பின்னும் துள்ளுகிறது. கனத்த வட்டையோ தன் போக்கில் ஒரே சீராகச் சுற்ற முயல்கிறது. இரண்டிற்கும் நடுவிலுள்ள ரப்பர் நசுங்கி நீண்டு, அந்த ஆட்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டு உஷ்ணமாக மாற்றிவிடுகிறது. சில பெரிய என்ஜின்களில் ரப்பருக்குப் பதிலாக, மூடிய உறைக்குள் கனத்த வளையமும் அதைச் சுற்றிச் சிலிகோன் என்னும் குழம்பும் வைத்திருப்பார்கள். வேலை இரண்டிலும் ஒன்றே.

இம்முறை புதிதன்று. மோட்டார் வண்டிகள் ஆறு சிலிண்டர்களுடன் வரத் தொடங்கிய காலத்தில் கிராங்க் ஷாப்டுகள் முறிந்து பெருந்தொல்லை கொடுத்தன. இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் என்ற நிபுணர் 1910-ஆம் ஆண்டளவில் இத்தகைய தணிப்பு உறுப்பு ஒன்றை அமைத்து உரிமை பெற்றார். நாளடைவில் அது பல உருவங்களில் உலகெங்கும் பரவியது.

எந்த என்ஜின்களில் இது உண்டு

கிணறுகளில் நீர் இறைக்கும் ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் டேம்பர் இல்லை. அவற்றின் ஷாப்ட் கட்டையானது. கனத்த பிளைவீல் மட்டுமே போதும். மூன்று சிலிண்டர் டிராக்டர்களிலும் பெரும்பாலும் ஒரே வார்ப்பான கப்பியே இருக்கும். ஷாப்ட் நீள நீள முறுக்கலும் மிகும். ஆகையால் ஆறு சிலிண்டர் என்ஜின்களுக்கு இது இன்றியமையாதது. அறுவடை யந்திரங்கள், லாரிகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளின் கம்பிரஸர்கள், பெரிய ஜெனரேட்டர்கள் ஆகியவற்றில் இதனைக் காணலாம். இக்காலத்துச் சிறு சரக்கு வண்டிகளிலும் ஜீப்புகளிலும் உள்ள நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின்கள் பலவற்றிலும் ரப்பர் பதித்த கப்பி உண்டு.

சென்னைக்கு இவ்வகை என்ஜின்களோடு நெடுநாளையத் தொடர்பு உண்டு. 1840-இல் வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்ப்ஸன், 1950-களில் செம்பியத்தில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைச் செய்யலாயிற்று. பெர்கின்ஸ் கம்பெனியார் இங்கிலாந்தில் 1937-இல் வெளியிட்ட பி6 என்பது ஆறு சிலிண்டர் என்ஜின். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. இவற்றின் பயனாக, பாடி முதல் பட்டாபிராம் வரை லேத் பட்டறைகளும் அளவு தவறாது வேலை செய்யும் தொழிலாளிகளும் குடியானவருக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றனர். வேண்டியது, எந்த வேலையை வயலில் செய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொண்டு போக வேண்டும் என்ற தெளிவே.

பழுதின் அறிகுறிகள்

ரப்பருக்கு எண்ணெயும் உஷ்ணமும் விரோதிகள். முன்பக்கத்து ஆயில் சீல் கசிந்து ரப்பரில் எண்ணெய் படிந்தால் அது ஊறி மிருதுவாகும். வருஷங்கள் கழிந்தால் காய்ந்து வெடிக்கும். கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் டேம்பரைச் சோதிக்க வேண்டும்.

1. ரப்பர் வெளியே பிதுங்கியிருத்தல், வெடித்திருத்தல், துணுக்குகளாக உதிர்தல்.

2. என்ஜின் ஓடும்பொழுது வட்டை கோணலாகச் சுற்றுதல். இதனைத் தூர நின்று பார்த்தே அறியலாம்.

3. விசிறி பெல்ட் அடிக்கடி கழன்று விழுதல், அல்லது ஒரு பக்கம் மட்டும் தேய்தல். பெல்ட் நழுவினால் நீர்ப் பம்பு நின்று என்ஜின் சூடேறும். சூட்டிற்கு ரேடியேட்டரைக் குற்றம் சொல்லி அதனைப் பலமுறை கழுவியும் பயன் காணாதவர்கள் டேம்பரைப் பார்ப்பது நல்லது.

4. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் முன்பக்கத்தில் தட்டும் ஓசை கேட்டு, வேகம் கூடினாலோ குறைந்தாலோ மறைதல்.

5. நடு போல்ட் தானாகவே தளர்தல்.

6. சிலிகோன் வகையானால் உறையில் நசுக்கமோ கசிவோ இருத்தல். உறை சிறிது நசுங்கினாலும் உள்வளையம் பிடித்துக்கொண்டு டேம்பர் பயனற்றதாகிவிடும். அதனைத் தட்டி நிமிர்த்தலாகாது.

ரப்பர் நழுவியுள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜினை நிறுத்தி, குடம், ரப்பர், வட்டை மூன்றின்மேலும் நேராக ஒரு வெள்ளைக் கோடு வரைய வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் பின் நிறுத்திப் பார்த்தால் கோடு நேராகவே இருக்க வேண்டும். குடத்திலுள்ள கோடும் வட்டையிலுள்ள கோடும் விலகியிருந்தால் ரப்பர் பிடி விட்டுவிட்டது என்பது நிச்சயம். டைமிங் குறி வட்டையின்மேல் செதுக்கப்பட்டிருக்கும் என்ஜின்களில் இதனால் மற்றொரு தீங்கும் உண்டு. வட்டை நகர்ந்தபின் அக்குறியை நம்பி டீசல் பம்பைச் சரிப்படுத்தினால் டைமிங் முழுவதும் தவறிவிடும்.

வேண்டிய கருவிகள்

இவ்வேலையில் நேரும் சேதங்களில் பெரும்பகுதி கருவியின் குற்றத்தால் நேர்வதே. சுத்தியல், கடப்பாரை, உளி ஆகிய மூன்றையும் முதலிலேயே அப்புறப்படுத்திவிடுவது உத்தமம். வேண்டியவை வருமாறு:

போல்ட்டின் தலைக்குச் சரியான அளவுள்ள ஆறு பட்டைச் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும். பன்னிரண்டு முனைச் சாக்கெட் இறுகிய போல்ட்டின் மூலைகளை வழித்துவிடும்.

பிளைவீலின் பற்களில் மாட்டி ஷாப்ட் சுற்றாமல் பிடிக்கும் பூட்டுக் கருவி.

குடத்தின் துளைகளில் போல்ட் மாட்டி இழுக்கும் தட்டைப் புல்லர். பியரிங் இழுக்கும் மூன்று கால் புல்லர் இதற்கு உதவாது. அதன் கால்கள் வட்டையின் விளிம்பைப் பற்றி இழுக்கும். அப்பொழுது இழுப்பு முழுவதும் ரப்பரின்மேல் விழும். நல்ல டேம்பரும் ஒரே நிமிஷத்தில் பாழாகும்.

புல்லரின் நடுத் திருகுக்கும் ஷாப்டின் முனைக்கும் இடையில் வைக்கும் எஃகுக் குமிழ். இதனை வைக்காவிட்டால் திருகின் முனை ஷாப்டிலுள்ள மரைத் துளைக்குள் புகுந்து மரைகளை அழித்துவிடும்.

பூட்டுவதற்கு, ஷாப்டின் மரைக்குப் பொருந்தும் நீண்ட திருகுத் தண்டு, நட்டு, தடித்த வாஷர், உருளும் பியரிங் ஆகியவை சேர்ந்த பூட்டுக் கருவி.

டார்க் ரெஞ்சு. இது போல்ட்டை எவ்வளவு பலத்துடன் முறுக்கினோம் என்பதைக் காட்டும்.

இவற்றை எல்லாக் குடியானவரும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. யந்திரம் வைத்திருப்போர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

யந்திரத்தைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அறுவடை யந்திரமானால் வெட்டும் பகுதியைத் தரையில் இறக்கி, அல்லது உறுதியான மரக்கட்டைகளின்மேல் அமர்த்தி வைக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி அதன்கீழ் நுழைவது உயிருக்கே ஆபத்து. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஒதுக்கிக் கட்டிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல், வேலை நடக்கும்பொழுது யாரேனும் சாவியைத் திருப்பியதால் கைவிரல்களை இழக்க நேரிடலாம்.

அடுத்து, டேம்பர் எவ்வகையில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வகைகள் உண்டு. முதலாவது, ஷாப்டின் முனையில் இறுக்கமாக ஏற்றி நடுவில் ஒரே போல்ட் போட்டிருப்பது. இதற்குப் புல்லர் வேண்டும். இரண்டாவது, தனிக் குடத்தின்மேல் ஆறு அல்லது எட்டுச் சிறு போல்ட்டுகளால் டேம்பரை இணைத்திருப்பது. இதற்குப் புல்லர் வேண்டியதில்லை. போல்ட்டுகளைக் கழற்றினால் போதும். மூன்றாவது, தளர்வாக நழுவி ஏறும் வகை. இதுவும் கையினாலேயே வந்துவிடும். இன்னதென்று அறியாமல் இழுப்பது வீண் சேதத்திற்கு இடமாகும். என்ஜினின் கையேட்டைப் பார்ப்பது நலம்.

கழற்றும் முறை

விசிறி, பெல்ட்டுகள், இடம் போதாவிட்டால் ரேடியேட்டர் ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும். பெல்ட் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து வைத்தால் பின்னால் குழப்பம் நேராது.

பிளைவீல் பூட்டைப் போட்டு ஷாப்டை அசையாமல் நிறுத்திய பின்னரே போல்ட்டைத் தளர்த்த வேண்டும். விசிறி இறக்கையைப் பிடித்துக்கொள்வதும், பற்களில் ஸ்குரூ டிரைவரைச் செருகுவதும் தகாது. கைப்பிடியைச் சட்டத்தில் முட்டவைத்து ஸ்டார்ட்டரை ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் போல்ட்டைத் தளர்த்தும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது மிகவும் அபாயமானது. கைப்பிடி நழுவினால் பக்கத்திலிருப்பவரின் எலும்பை முறித்துவிடும். போல்ட்டின் மரை பெரும்பாலும் வலப்புறம் இறுகுவது. சில என்ஜின்களில் இடப்புறம் இறுகும். முன்னமே கையேட்டில் பார்த்துக்கொள்ளாவிட்டால், தளர்த்துவதாக எண்ணி மேலும் இறுக்கிக்கொண்டிருக்க நேரிடும்.

போல்ட் வர மறுத்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டுச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும். காஸ் விளக்கினால் காய்ச்சலாகாது. ரப்பர் உருகுவதோடு பின்னாலுள்ள ஆயில் சீலும் கருகிப் போகும்.

போல்ட்டை எடுத்தபின் ஷாப்டின் முனையில் எஃகுக் குமிழை வைத்து, புல்லரின் போல்ட்டுகளைக் குடத்தின் மரைத் துளைகளில் மாட்ட வேண்டும். இப்போல்ட்டுகள் தம் கனத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது உள்ளே ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் மரை பிய்ந்துவிடும். அளவுக்கு மிஞ்சி நீண்டால் அவற்றின் முனை பின்னாலுள்ள டைமிங் மூடியைக் குத்தித் துளைத்துவிடும். எல்லாப் போல்ட்டுகளும் சமமாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, தட்டு கோணாமல் நேராக நிற்கும்படி செய்து, நடுத் திருகைச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். டேம்பர் ஒரே சீராக வெளிவரும்.

இடையில் பிடித்துக்கொண்டால் திருகை இறுக்கிய நிலையிலேயே விட்டு, எண்ணெய் விட்டுக் காத்திருப்பதே தக்கது. திருகின் தலையில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அவ்வடி ஷாப்டின் வழியே சென்று, அதன் முன்பின் நகர்ச்சியைத் தாங்கும் வாஷர்களை நசுக்கும். அச்சேதம் உடனே தெரியாது. சில மாதங்கள் கழித்து கிளட்ச் மிதிக்கும்பொழுது ஷாப்ட் முன்னும் பின்னும் ஆடுவதாக வெளிப்படும்.

பரிசோதித்தல்

டேம்பர் வந்ததும் அவசரப்பட்டுப் புதியதைப் பூட்டிவிடலாகாது. ஷாப்டின் முனையில் கீ சரியாக இருக்கிறதா, அதன் காடி அகன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீ ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் புதியது போட வேண்டும். காடியே அகன்றிருந்தால் அது பட்டறை வேலை. வயலில் தகட்டை மடித்துச் செருகிச் சமாளிப்பதால் சில நாளில் ஷாப்டே வீணாகும்.

பழைய குடத்தில் ஆயில் சீலின் உதடு உராயும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், அந்தக் குடத்தைத் திரும்ப உபயோகிக்கும் வகைகளில், அதன்மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றிக்கொள்ளலாம். டேம்பரைக் கழற்றும்பொழுதெல்லாம் ஆயில் சீலையும் மாற்றிவிடுவது சிக்கனம். சீலின் விலை அற்பம். பிற்பாடு அது கசிந்தால் இவ்வளவு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும். புதிய டேம்பரின் ரப்பரும் எண்ணெயில் ஊறிக் கெடும்.

ஷாப்டின் மரைத் துளையைத் தக்க அளவுள்ள டேப்பினால் மெதுவாகச் சுத்தம் செய்து, துகள்களைத் துடைத்தெடுக்க வேண்டும். முனையில் சிறு கீறல்கள் இருந்தால் மெல்லிய எமரித் துணியால் தேய்க்கலாம். அரம் போடலாகாது.

புதிய டேம்பர் வாங்குதல்

ஒவ்வொரு என்ஜினின் ஷாப்டுக்கும் ஆட்ட வேகம் வேறு. அதற்கேற்பவே வட்டையின் கனமும் ரப்பரின் கடினமும் அமைக்கப்பட்டிருக்கின்றன. ஆகையால் அளவு பொருந்துகிறது, பெல்ட் காடி ஒத்திருக்கிறது என்பதை மட்டும் கண்டு வேறொரு என்ஜினின் டேம்பரைப் பூட்டினால், அது கப்பியாக வேலை செய்யுமேயன்றி ஷாப்டைக் காக்காது. பாக எண்ணைக் கேட்டே வாங்க வேண்டும்.

சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் மோட்டார்ச் சாமான்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பழைய சாமான்களில் இரும்பால் ஆனவற்றைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாம். ரப்பரின் வயதைக் கண்ணால் அறிய முடியாது. ஆகையால் பழைய டேம்பரை வாங்குவதில் இலாபம் இல்லை. டேம்பரை எடுத்துவிட்டு வார்ப்புக் கப்பி ஒன்றை லேத்தில் கடைந்து போட்டுவிடுவதும் சில இடங்களில் நடக்கிறது. என்ஜின் அன்று ஓடும். ஷாப்டின் ஆயுள் மட்டும் குறைந்துவிடும்.

பூட்டும் முறை

ஷாப்டின் முனையிலும் சீலின் உதட்டிலும் சுத்தமான என்ஜின் எண்ணெயைத் தடவ வேண்டும். கீயும் காடியும் நேராக வரும்படி டேம்பரைக் கையால் ஏற்றித் தொடங்க வேண்டும். கோணலாக ஏறினால் உடனே எடுத்து மறுபடி தொடங்குவதே நல்லது.

பிறகு பூட்டுக் கருவியின் தண்டை ஷாப்டின் மரையில் முழு ஆழமும் ஏற்றி, பியரிங்கும் வாஷரும் குடத்தின்மேல் படியும்படி வைத்து, தண்டைப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்க வேண்டும். டேம்பர் சிறிது சிறிதாக உள்ளே செல்லும். முழுவதும் சென்று படிந்தவுடன் நட்டு திடீரென்று இறுகுவது கைக்குத் தெரியும். அப்பொழுது நிறுத்தி, கருவியைக் கழற்றிவிட வேண்டும்.

டேம்பரின் சொந்தப் போல்ட்டைக் கொண்டே அதனை உள்ளே இழுக்கலாகாது. அப்போல்ட் தொடக்கத்தில் இரண்டு மூன்று மரைகளே பிடித்திருக்கும். இழுப்பு முழுவதும் அவற்றின்மேல் விழுந்து ஷாப்டின் மரை பிய்ந்துவிடும். பலகையை வைத்து அதன்மேல் சுத்தியலால் அடிப்பதும் முன்சொன்ன காரணத்தால் தகாது.

கடைசியாகப் போல்ட்டைப் போட்டு டார்க் ரெஞ்சினால் இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். கையேட்டில் அது நியூட்டன் மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் ஒரு கிலோ கனம் தொங்கினால் உண்டாகும் முறுக்கு ஏறத்தாழ 9.8 நியூட்டன் மீட்டர் ஆகும். ஆகவே 300 நியூட்டன் மீட்டர் என்று குறித்திருந்தால், ஒரு மீட்டர் கைப்பிடியில் சுமார் 30 கிலோ பலம் வேண்டும். அரை மீட்டர்க் கைப்பிடியானால் 60 கிலோ வேண்டும். கை உத்தேசமாக இறுக்கினால் சிலர் பாதியும் சிலர் இரட்டிப்பும் இறுக்கிவிடுவர் என்பது இதிலிருந்து விளங்கும். குறைந்தால் போல்ட் தளர்ந்து கீயை நசுக்கும். மிகுந்தால் போல்ட் நீண்டு முறியும். சில என்ஜின்களில் முதலில் ஓரளவு இறுக்கி, பின் கால் சுற்றுத் திருப்பும்படி சொல்லியிருக்கும். அத்தகைய போல்ட்டுகளில் பலவற்றை ஒரே தடவைதான் உபயோகிக்கலாம். அவற்றிற்குப் புதிய போல்ட்டே போட வேண்டும்.

ஓட்டிப் பார்த்தல்

பிளைவீல் பூட்டை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் பற்கள் உடையும். ஆகையால் கருவிகளை எண்ணிப் பார்த்துவிட்டே பாட்டரியை இணைக்க வேண்டும். முதலில் ஷாப்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்கும்படி அமைக்க வேண்டும்.

ரேடியேட்டரில் நீர் நிரப்பி, என்ஜினைக் குறைந்த வேகத்தில் பத்து நிமிஷம் ஓடவிட்டு, வட்டை கோணாமல் சுற்றுகிறதா, சீலில் கசிவு உண்டா என்று தூர நின்று பார்க்க வேண்டும். வேட்டி, துண்டு முதலியவை பெல்ட்டின் அருகில் செல்லாதபடி கட்டிக்கொள்ள வேண்டும். நிறுத்திய பின் குடத்திலிருந்து வட்டை வரை வெள்ளைக் கோடு வரைந்துவைத்து, முதல் நாள் வேலை முடிந்ததும் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் ஒரு தடவை பார்த்து வந்தால் போதும்.

கிராம அதிகாரிகளும் சங்கத்தாரும் கவனிக்க வேண்டியவை

அறுவடை யந்திரங்கள் ஜில்லா விட்டு ஜில்லா செல்பவை. ஓரிடத்து அறுவடை முடிந்தவுடன் மறுநாளே வேறிடத்தில் நிற்கும். ஆகையால் இவற்றைச் சோதிக்க ஓட்டுநருக்கு ஓய்வு கிடைப்பதரிது. வேளாண்மைப் பொறியியல் துறையிலிருந்தோ, கூட்டுறவுச் சங்கங்களிலிருந்தோ, தனியாரிடமிருந்தோ யந்திரங்களை வாடகைக்கு அமர்த்தும்பொழுது, கிராமத்தார் வாடகையை மட்டும் பேசாமல், யந்திரம் வயலில் இறங்குமுன் என்ஜினின் முன்பக்கத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நன்மை பயக்கும். பெல்ட்டின் நிலை, எண்ணெய்க் கசிவு, வட்டையின் ஆட்டம் ஆகிய மூன்றையும் பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.

சங்கங்களின் சொந்த யந்திரங்களுக்குக் குறிப்பேடு ஒன்று இருத்தல் வேண்டும். டேம்பர், ஆயில் சீல், பெல்ட் ஆகியவை மாற்றப்பட்ட தேதியையும், அப்பொழுது என்ஜின் ஓடியிருந்த மணிக் கணக்கையும், பாக எண்ணையும் அதில் எழுதி வர வேண்டும். ஓட்டுநர் மாறினாலும் குறிப்பேடு மாறாது. போகத்திற்குப் போகம் இடையிலுள்ள நாட்களிலேயே இவ்வேலையை முடித்துக்கொண்டால், அறுவடைக் காலத்தில் பட்டறை வாசலில் காத்திருக்க நேராது.

சுருங்கக் கூறின், டேம்பரைச் சுத்தியலால் அடிக்காமலும், வட்டையைப் பற்றி இழுக்காமலும், நெருப்பினால் காய்ச்சாமலும், தன் போல்ட்டால் இழுத்துப் பூட்டாமலும் இருந்தால் சேதத்தில் பெரும்பகுதி தவிர்க்கப்படும். சரியான கருவிகளை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்தால் கைப்பழக்கமுள்ள இருவர் ஒரே நாளில் இதனை முடித்துவிடலாம். கிராங்க் ஷாப்ட் முறிந்தபின் ஆகும் செலவையும், அந்நாட்களில் வயலில் நிற்கும் நெல்லையும் எண்ணிப் பார்க்கும் விவசாயிகள், இந்த ஒரு நாளைச் செலவாகக் கருதமாட்டார்கள்.